வெற்றிருக்கையின் விலை

பலாலியிலிருந்து இந்தியாவுக்கு ஆகாயவிமானம் மீண்டும் எப்பொழுது பறக்கும் என்பது யாழ்ப்பாணத்தார் நெடுங்காலமாக ஒருவரையொருவர் வினாவி வந்த வினா. அதற்கு விடை 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 17ஆந் திகதி கிடைத்தது. அன்று பலாலித் தளம் யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையம் என்னும் பெயருடன் திறந்து வைக்கப்பட்டது; சென்னையிலிருந்து விமானமொன்றும் வந்திறங்கிற்று. வாணம் விட்டு மகிழ்ந்தோரும் உளர், 'எத்தனை நாளைக்கு?' என்று மெல்லக் கேட்டோரும் உளர். இரண்டாம் வகையினரின் கேள்வியே ஈண்டு ஆராயத்தக்கது. ஒரு சிற்றூருக்கோ சிறுநகருக்கோ விமானம் வருவது அரிதன்று. வந்த விமானம் நிலைத்து நிற்றலே அரிது. அது நிற்பதும் நில்லாததும் கட்டடத்தின் அழகைப் பொறுத்தனவல்ல. நிறையாது பறக்கும் இருக்கைக்கு விலை கொடுப்பவர் யாவர் என்பதைப் பொறுத்தன.

பழைய வரலாறு

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆங்கிலேயரின் ஆகாயப்படை அமைத்த தளமே பலாலித் தளம். போர் முடிந்தபின் அது பொதுமக்கள் பயணத்துக்குப் பயன்படலாயிற்று. 1947 டிசெம்பர் 10ஆந் திகதி 'எயர் சிலோன்' தன் முதற் பயணத்தைத் தொடங்கியபொழுது, அவ்விமானம் இரத்மலானையினின்றும் புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குச் சென்றது. காங்கேசன்துறை என்று அன்று வழங்கியது இப்பலாலித் தளமே. அக்காலத்து டக்கோட்டா விமானத்தில் ஏறக்கூடியவர்கள் இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட தொகையினரே.

இவ்வரலாற்றைப் பெருமைக்காக நினைவூட்டவில்லை. அதனுள் ஒரு பொருளாதார நுட்பம் அடங்கியிருக்கின்றது. அவ்விமானம் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வருவோர், யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை செல்வோர், கொழும்பிலிருந்து சென்னை செல்வோர் ஆகிய மூவகையினரையும் ஏற்றிச் சென்றது. ஒருவகையினர் குறைந்த நாளில் மற்றொரு வகையினர் அக்குறையை நிரப்பினர். வீதியில் ஓடும் பஸ் வண்டி இடையிலுள்ள தரிப்புகளில் ஆள் ஏற்றி இறக்கிப் பிழைப்பது போல்வது இது. பின்னர் விமானங்களின் வலிமை பெருகிற்று. கொழும்பிலிருந்து புறப்பட்டது இடையில் இறங்காமலே சென்னை சேரலாயிற்று. இஃது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் நேர்ந்த கதியன்று. அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கும் விமானங்களெல்லாம் எண்ணெய் நிரப்புவதற்கு இறங்கிய கனடாவின் காண்டர் நகரமும், ஜெற் விமானங்கள் வந்தபின் அவ்வாறே கைவிடப்பட்டது. இடைத்தங்கல் நகரம், தன் சொந்தப் பயணிகளைக் கொண்டே பிழைக்கவேண்டிய முடிவிட நகரமாதல் எளிதன்று. 'எயர் சிலோன்' மறைந்து 1979இல் 'எயர் லங்கா' தோன்றிய காலத்தில் நாமும் அந்நிலையை அடைந்துவிட்டோம். அதன்பின் வந்த போர், எஞ்சியிருந்ததையும் அழித்தது.

போர்க்காலத்தில் உள்நாட்டு விமானங்கள் பலாலிக்கு வந்தன. 1998 செப்டெம்பர் 29ஆந் திகதி பலாலியினின்றும் இரத்மலானைக்குப் புறப்பட்ட 'லயன் எயர்' விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். அத்தகைய ஆபத்து இருந்தும் மக்கள் பின்னரும் விமானத்தில் ஏறினர். 2006 ஓகஸ்டில் கண்டி வீதி மூடப்பட்டபொழுது ஆகாயவழியும் திருக்கோணமலைக் கப்பல்வழியுமன்றி வேறு வழி இருக்கவில்லை. வேறு வழியில்லாதவன் கேட்ட விலையைக் கொடுப்பான். அந்நாளில் விமானம் நிறைந்து பறந்ததை வைத்து, யாழ்ப்பாணத்திலே விமானப் பயணத்துக்குக் குறைவில்லை என்று கணக்கிடுதல் பொருந்தாது. 2009க்குப் பின் வீதி திறந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவியும் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. உள்நாட்டு விமானப் பயணம் சிறுத்துப் போயிற்று. சிறையிருந்தவர் கூட்டத்தைச் சந்தைக் கூட்டமென்று எண்ணுவோமாயின் கணக்குப் பிழைத்துவிடும்.

இருக்கைக் கணக்கு

இனி, 2019க்குப் பின் நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்துவோம். அவ்வாண்டு நவம்பர் 11ஆந் திகதி 'அலையன்ஸ் எயர்' சென்னைக்கும் பலாலிக்குமிடையே கிழமைக்கு மூன்று பயணங்களைத் தொடங்கிற்று. நான்கு மாதங் கழிந்ததும் கொரோனாப் பெருநோய் வந்து 2020 மார்ச்சில் அவற்றை நிறுத்திற்று. 2022 டிசெம்பர் 12ஆந் திகதி கிழமைக்கு நான்காக அவை மீண்டும் ஆரம்பித்தன. 2023 ஜூலையில் நாடோறும் பறக்கும் நிலை உண்டாயிற்று. 2024 செப்டெம்பர் 1ஆந் திகதி 'இண்டிகோ' சென்னையிலிருந்தும், 2025 மார்ச் 30ஆந் திகதி அதே கம்பனி திருச்சிராப்பள்ளியிலிருந்தும் பலாலிக்குச் சேவை தொடங்கின. இவ்வழியிற் பறப்பன ஏறத்தாழ எழுபது முதல் எழுபத்தெட்டு வரையான இருக்கைகளையுடைய ஏ.ரி.ஆர். 72 என்னும் சுழல்விசிறி விமானங்கள்.

ஒரு விமானம் ஒருமுறை பறப்பதற்கு ஆகும் செலவு, அதிலே ஏறியிருப்போர் தொகையோடு பெரிதும் மாறுவதன்று. எண்ணெய், விமானியின் வேதனம், விமானத்தின் வாடகை, பழுதுபார்ப்பு, இறங்குந்தளத்துக்குச் செலுத்தும் கட்டணம் என்பன எழுபது பேர் ஏறினும் ஏழு பேர் ஏறினும் ஏறத்தாழ ஒன்றே. விளக்கத்தின் பொருட்டு ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒருமுறை பறக்கும் செலவு 7,80,000 ரூபா என்க. 78 பேர் ஏறின் தலைக்கு 10,000 ரூபா போதும். 52 பேர் ஏறின் 15,000 ரூபா வேண்டும். 39 பேரே ஏறின் 20,000 ரூபா வேண்டும். பாதி வெறிதாயின் ஏறியவன் தன் பக்கத்து இருக்கைக்கும் சேர்த்துப் பணங்கொடுக்கின்றான். அவன் கொடுக்க மறுப்பின் கம்பனி கொடுக்கின்றது. கம்பனி நெடுநாட் கொடாது.

கத்தரிக்காய் இன்று விலைபோகாவிடின் நாளைக்குக் குறைந்த விலைக்கேனும் போகும். விமான இருக்கை அவ்வாறன்று. கதவு மூடிய கணத்தில் அதன் விலை அற்றுவிடும். ஆதலினாலேயே ஒரே விமானத்தில் அருகருகே அமர்ந்த இருவர் வெவ்வேறு விலை கொடுத்திருத்தலைக் காண்கின்றோம். இதனைக் கொள்ளையென்று கூறுவார் பலர். முற்றும் கொள்ளையன்று, அழியும் பண்டத்தை விற்போன் கையாளும் உபாயம் அது.

குறுந்தூரம் செல்வோர், 'இத்துணை அண்மைக்கு இத்துணை விலையா?' என்று வியக்கின்றனர். பலாலியிலிருந்து சென்னை வான்வழியில் ஏறத்தாழ 350 கிலோமீற்றர். திருச்சிராப்பள்ளியோ 200 கிலோமீற்றருக்கும் உட்பட்டது. ஆயினும் தூரம் பாதியானதனால் விலை பாதியாகாது. எழும்புதற்கு மிகுதியான எண்ணெய் வேண்டும். ஒவ்வொருமுறை எழும்பி இறங்கும்பொழுதும் விமானம் தேய்கின்றது. தளக்கட்டணம் தூரத்தைப் பார்ப்பதில்லை. சிறுநகருக்குச் செல்லும் விமானம் சிறியதாயும் குறுந்தூரம் பறப்பதாயும் இருத்தலின், ஓர் இருக்கையை ஒரு கிலோமீற்றர் கொண்டுசெல்லுஞ் செலவு பெருநகர் விமானத்தினும் அதிலே மிகுதி. இஃது எந்நாட்டுக்கும் பொது.

யாழ்ப்பாணத்துக்குச் சிறப்பாக உள்ள இடர் ஒன்றுண்டு. நம் பயணிகள் பருவத்தோடு வருவோர். நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் ஐரோப்பியப் பள்ளி விடுமுறையிலும் மார்கழி முடிவிலும் வரும் விமானம் நிறையும். ஆனால் அதே கிழமைகளில் திரும்பிச் செல்லும் விமானம் வெறிதாயிருத்தல் கூடும். விழா முடிந்தபின் நிலை மாறும். செல்வது நிறைய, வருவது வெறிதாகும். ஒரு திசையில் மட்டும் ஆளேற்றும் தோணிக்காரன் இருதிசைக்குஞ் செலவு செய்கின்றான். எஞ்சிய மாதங்களில் மருத்துவத்துக்குச் செல்வோரும், கலியாணக் கூறைக்குச் செல்வோரும், தலயாத்திரை செய்வோரும், உறவினரைக் காணச் செல்வோருமே விமானத்தை நிறுத்தி வைப்பவர்கள். நிலையத்தின் உயிர் திருவிழாக் கூட்டத்திலன்று. புரட்டாதி மாதத்துச் செவ்வாய்க்கிழமையில் ஏறும் நோயாளியிடத்தும் அவர்க்குத் துணை செல்வோரிடத்தும் உள்ளது.

கண்டி வீதியிற் செல்வோர்

எம்மூராகிய அரியாலையை ஊடறுத்துச் செல்வது கண்டி வீதி. இரவு வேளையிற் கொழும்பு நோக்கிச் செல்லும் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவ்வீதியிற் செல்லுதலை யாவரும் காண்கின்றோம். அவற்றில் உறங்கிச் செல்வோருள் ஒரு பகுதியினர் கட்டுநாயக்காவில் இறங்கிச் சென்னைக்கு விமானம் ஏறுவோர். அரியாலையிலிருந்து பலாலி ஏறத்தாழ இருபது கிலோமீற்றர். சென்னையோ வடக்கே உள்ளது. வடக்கே செல்லவேண்டியவர் இரவு முழுதும் விழித்துத் தெற்கே செல்கின்றனரே, இஃது என்ன விந்தை எனின், விந்தையொன்றுமில்லை. பயணச்சீட்டு, விசாக் கட்டணம், புறப்படும் பயணியிடம் அறவிடும் வரி, பெட்டியின் நிறைக்குக் கொடுக்கும் பணம் என்பவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தே அவர் பஸ்ஸில் ஏறுகின்றனர். மக்கள் ஏழைகளாயிருக்கலாம், கணக்கறியாதவரல்லர். கட்டுநாயக்காவிலிருந்து பல கம்பனிகள் போட்டியிட்டுப் பறக்கின்றன. போட்டியுள்ள இடத்தில் விலை இறங்கும். பெட்டி மிகுந்தோர்க்குக் கப்பலும் உண்டு. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்குமிடையே 2023 ஒக்டோபர் 14ஆந் திகதி தொடங்கிச் சின்னாளில் நின்ற சேவை 2024 ஓகஸ்ட் 16ஆந் திகதி மீண்டும் தொடங்கிற்று. பலாலி விமானம் தன் இருக்கையை விற்பது இவர்கள் நடுவிலேயாம்.

ஆதலின் அரசினர் எளிதிற் செய்யக்கூடியது வரிக்குறைப்பு. சிறு நிலையத்தினின்றும் குறுந்தூரம் செல்வோன்மீது பெருநிலையத்து வரியைச் சுமத்தின், அவன் பயணச்சீட்டின் பெரும்பங்கு வரியாகவே முடியும். இவ்வரியிற் சில காலங்களிற் சலுகை வழங்கப்பட்டதுண்டு. சலுகை நாளெல்லையுடன் வந்து, முடிந்து, மீண்டும் வருமாயின் கம்பனி அதனை நம்பி அட்டவணை வகுத்தல் இயலாது. சிறிதாயினும் நிலையான குறைப்பே பயன்தரும்.

பெருவிமானம் என்னும் ஆசை

'பெரிய விமானம் வரவேண்டும். ஓடுபாதையை நீட்டவேண்டும்' என்பது மேடைதோறுங் கேட்கும் முழக்கம். கேட்போர் கைதட்டுகின்றனர். ஆனால் கணக்கு வேறு கூறுகின்றது. எழுபத்தெட்டு இருக்கையுள்ள விமானம் நாடோறும் ஒன்றாகக் கிழமைக்கு ஏழுமுறை பறப்பின் ஒரு திசையில் 546 இருக்கைகள். நூற்றெண்பது இருக்கையுள்ள ஜெற் விமானம் மூன்றுமுறை பறப்பின் 540 இருக்கைகள். பயணிகள் தொகை பெருகாமல் விமானம் மட்டும் பெருகின் நாடோறும் உள்ள சேவை கிழமைக்கு மூன்றாகக் குறையும். வைத்தியரைத் திங்கட்கிழமை காணவேண்டியவன் சனிக்கிழமையே சென்று விடுதியில் மூன்று நாள் வாடகை கொடுப்பான். அன்றேல் கண்டி வீதிப் பஸ்ஸில் ஏறுவான். சேவை குறையின் வசதி குறையும்; வசதி குறையின் ஆள் குறையும்; ஆள் குறையின் சேவை இன்னுங் குறையும். சிறுநகரங்களின் விமான சேவை பெரும்பாலும் இச்சுழலில் அகப்பட்டே மடிந்திருக்கின்றது.

பெருங்கட்டடமும் நீண்ட பாதையும் பயணியைப் பிறப்பிக்கும் என்று நம்பியவர்க்கு நம் நாட்டிலேயே பாடமுண்டு. மத்தளையில் 3,500 மீற்றர் ஓடுபாதையுடன், ஏறத்தாழ 20 கோடி 90 இலட்சம் டொலர் செலவில், பெரும்பகுதி சீனக் கடனாக எழுந்த நிலையம் 2013 மார்ச் 18ஆந் திகதி திறக்கப்பட்டது. இரண்டாண்டு நிறையுமுன், 2015 ஜனவரியில், நாட்டின் சொந்த விமானக் கம்பனியே அங்குச் செல்வதை நிறுத்திற்று. பின்னர் அதன் சரக்குக் கட்டடம் நெல் வைக்கும் இடமாயிற்று. யானையைக் கட்டித் தீனி போடுதல் என்று நம் முன்னோர் சொன்னது இதற்கே பொருந்தும். மத்தளைக்குப் பாதையிருந்தது, பயணியில்லை. பலாலிக்குப் பயணியுண்டு, ஆனால் அவர் அளவானவர். அளவறிந்து உடுத்தலே அழகு.

கொடையும் அதன் எல்லையும்

வெற்றிருக்கையின் விலையை அரசே கொடுத்தாலென்ன என்பார் உளர். அவ்வாறு கொடுத்த நாடுகள் உண்டு. அமெரிக்காவில் 1978இல் விமானக் கம்பனிகளின் கட்டுப்பாட்டைத் தளர்த்தியபொழுது, சிற்றூர்கள் கைவிடப்படுமென்று அஞ்சிப் பத்தாண்டுக்கென ஓர் உதவித்திட்டம் வகுத்தனர். பத்தாண்டு கழிந்து நெடுநாளாகியும் அது முடியவில்லை. தொடங்குதல் எளிது, நிறுத்துதல் அரிது என்பதற்கு அதுவே சான்று.

அண்டை நாடாகிய இந்தியா 2016இல் 'உடான்' என்னும் திட்டத்தை வகுத்து 2017 ஏப்ரிலிற் பறக்கவிட்டது. ஒரு மணிநேரப் பயணத்துக்கு ஏறத்தாழ 2,500 இந்திய ரூபா என்று ஒரு பகுதி இருக்கைகளுக்கு எல்லைவிலை குறித்தனர். அதனாற் கம்பனிக்கு நேரும் குறையை மூன்றாண்டுவரை நிரப்பினர். அந்நிதிக்காகப் பெருநகரங்களுக்கிடையே பறக்கும் விமானங்கள்மீது ஒரு தீர்வை விதித்தனர். நோக்கம் நன்று. விளைவோ? 2023இல் இந்தியத் தலைமைக் கணக்காய்வாளர் வெளியிட்ட அறிக்கையின்படி, முதல் மூன்று சுற்றுகளில் வழங்கப்பட்ட 774 வழிகளுள் 403 வழிகளிற் பறத்தல் தொடங்கவேயில்லை. தொடங்கிய 371இல் மூன்றாண்டும் நிறைவுற்றவை 112. அவற்றுள்ளும் உதவி நின்றபின் 2023 மார்ச்சில் உயிரோடிருந்தவை 54. தமிழ்நாட்டுச் சேலத்துக்கு இத்திட்டத்தின்கீழ் 2018 மார்ச்சில் விமானம் வந்தது, 2021இல் நின்றது, 2023 ஒக்டோபரில் மீண்டும் வந்தது. சேலம் யாழ்ப்பாணத்தினும் பன்மடங்கு பெரிய நகரம் என்பதை நினைவிற் கொள்க.

இதனால் உதவியே தகாது என்று கூறவந்தேனல்லேன். உதவி நாற்று வளரும் வரைக்கும் ஊற்றும் நீர் போலிருத்தல் வேண்டும். எத்தனை ஆண்டு, எத்தனை பயணம், எவ்வெல்லை விலை என்று முன்னரே எழுதப்பட வேண்டும். அப்பணம் பெருநிலையத்து விமானப் பயணியிடமிருந்து வருதல் ஒருவாறு நீதியே. பொதுத் திறைசேரியிலிருந்து வருமாயின் ஒரு கேள்வி எழும்: நெடுந்தீவுக்குப் படகேறி அலையில் நனைந்து செல்லும் ஆசிரியையின் வழியைச் செப்பனிடுமுன், சென்னைக்குப் பறப்பவனின் பக்கத்து இருக்கைக்குப் பொதுப்பணம் கொடுத்தல் முறையாகுமா? விமானத்திற் பறப்போரே பெரும்பாலும் குரலுடையோர். படகிற் செல்வோர்க்குக் குரல் குறைவு. குரலளவாற் பணம் பங்கிடப்படுமாயின் அஃது அரசுமுறையன்று.

பணமின்றிச் செய்யக்கூடியனவும் உண்டு. இலண்டனிலோ தொறன்ரோவிலோ ஏறுவோன் ஒரே பயணச்சீட்டிற் பலாலிவரை வருவானாயின், அவன் பெட்டியும் சென்னையில் அவனைத் தொல்லைப்படுத்தாது நேரே வந்து சேருமாயின், அவன் இவ்வழியை நாடுவான். பழைய டக்கோட்டா விமானம் மூவகைப் பயணிகளால் நிறைந்தது போல, இன்றைய விமானமும் சென்னைக்கு அப்பாலிருந்து வருவோராலேயே நிறையவேண்டும். பெரிய கம்பனியால் மெலிந்த வழியிலும் நிற்க முடிவது அதன் விமானங்கள் பல திசைகளிலிருந்து ஆளைக் கொணர்வதனாலேயே. ஆயினும் ஒரு கம்பனியையே நம்பியிருப்போர்க்கு ஓர் அச்சமுண்டு: அது விலையை உயர்த்தினும் விலகினும் கேட்பாரில்லை. ஆகவே மாதந்தோறும் இரு திசையிலும் எத்தனை பேர் பறந்தனர் என்னுங் கணக்கை நிலையத்தார் நம் பத்திரிகைகளில் வெளியிடல் வேண்டும். அக்கணக்கைக் கண்டு இன்னொரு கம்பனி துணியலாம். நாமும் முழக்கத்தை விட்டு எண்ணிப் பேசப் பழகலாம்.

எழுதப்படாத செலவு

இறுதியாக, எக்கம்பனியின் ஏட்டிலும் இடம்பெறாத செலவொன்று உண்டு. அது நிலம். பலாலி, வசாவிளான், மயிலிட்டி, கட்டுவன் முதலிய ஊர்களின் மக்கள் 1990இல் தம் வீடு வாசல்களை விட்டு ஓடினர். அவ்வூர்கள் உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. போருக்குப் பின் சிறிது சிறிதாக நிலம் விடுவிக்கப்பட்டது, முழுதும் விடுவிக்கப்படவில்லை. செம்மண் தோட்டத்தில் வாழையும் வெங்காயமும் விளைத்தவன் முகாமிற் பிறந்த பிள்ளைக்கு வேலிக்கப்பால் விரல் நீட்டித் தன் கிணற்றைக் காட்டுகின்றான். ஓடுபாதையை நீட்டுக என்று மேடையில் முழங்குவோர், அஃது எவருடைய காணியின்மேல் நீளும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்நிலத்துக்குரிய விலையும், அங்கே முப்பதாண்டுக்கு மேலாக விளையாதுபோன விளைச்சலின் விலையும் பயணச்சீட்டில் எழுதப்படவில்லை. எழுதப்படாமையாற் செலவு இல்லாமற் போவதில்லை. வேறொருவன் அதனைக் கொடுத்துக்கொண்டிருக்கின்றான்.

இவையெல்லாம் விமானம் வேண்டாமென்று கூறுவனவல்ல. வேண்டும், நோயாளிக்கு வேண்டும், மாணாக்கனுக்கு வேண்டும், பிரிந்த சுற்றத்தார்க்கு வேண்டும். வேண்டுவது நிலைத்தற்குரிய வரிசை இது: முதலில் உள்ள சிறு விமானம் இருதிசையும் நிறைக, நிறைதற்கு வரி நிலையாகக் குறைக, நிறைந்தபின் பயணங்களின் தொகை பெருகுக, அதன்பின்னும் இடம் போதாதாயின் பாதையின் நீளத்தைப் பேசுவோம். பேசுமிடத்தும் முதல் ஆசனம் பலாலிக் காணிக்காரனுக்கு இடப்படுக.